தேதிக்கு இடம் விட்டு

கீழ்க்குரல் ஆண்கள் தேவை.
ராகம் தாளம் தெரிய வேண்டியதில்லை.
செவ்வாய்தோறும் இரவு எட்டு மணிக்கு
வேலூர் ரோடு, எடைமேடைக்கு மேல்மாடி,
படியேறத் தெரிந்தால் போதும்.

நான்தான் எழுதினேன். பதினான்கு பிரதி.
ரிக் உதிரிபாகக் கடைக் கண்ணாடியில் ஒன்று,
சலூனில் ஒன்று.
பஸ்ஸ்டாண்டில் ஒட்டியதன் மேல்
விடிவதற்குள் மூலம் பவுத்திரம் ஒட்டிவிட்டார்கள்.

போன வருஷக் கச்சேரிக்கு வந்தது நாற்பத்தொரு பேர்.
முப்பத்தெட்டு பேர் எங்கள் வீட்டாட்கள்,
மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
முதலில் கைதட்டியது
ஒதுங்கியவர்களில் ஒருத்தர்தான்,
அதை வைத்துத்தான் இந்த வருஷமும் துணிந்தோம்.

மேல்குரலுக்குப் பஞ்சமில்லை.
கூட்டுறவு வங்கி சுகந்தாமணி,
இரவுப் பணிக்குப் போகிற வழியில் எஸ்தர்,
தறிப்பட்டறை ரஷீதா,
ட்யூஷன் முடித்து, சாக்பீஸ் விரலோடு தெய்வாத்தாள்.
நாலு பேரும் ஒன்றாக ஏறினால்
டியூப்லைட் அதிரும்.
அடியில்தான் ஆளில்லை.
ஓடு வேய்ந்தாயிற்று, கடைக்கால் போடவில்லை.

மலைமேல் சாமியே ஆண்பாதி பெண்பாதி.
எங்களுக்கு வாய்த்தது
இடப்பாகம் மட்டும்.

வலப்பாகம் எங்கே என்று திருச்செங்கோட்டில்
சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்:
ராய்ப்பூருக்கு அந்தாண்டை ஏதோ காட்டில்
ரிக் வண்டியோடு நிற்கிறது,
தலையில் துண்டு, புருவத்தில் கல்மாவு.

அங்கே மழை பிடித்தது, வண்டிகள் திரும்பின.
ஆடி இரண்டாம் செவ்வாய்
ஒருத்தர் படியேறி வந்தார்.
பொங்கியண்ணன், இருபத்திரண்டு வருஷம் டிரில்லர்.
"பாட்டுக்கு ஆள் வேணும்னு போட்டிருந்துச்சுங்களே!"
எடைமேடைக்கே கேட்டிருக்கும்.
கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று நின்று
காது பாதி போய்விட்டது,
பேச்சே கத்தல்தான்.

சுருதி பிடித்தேன். கேட்ட மாதிரி இல்லை.
கிட்டே வந்து, ஆர்மோனியப் பலகைமேல்
உள்ளங்கையை வைத்தார்.
"காதுல கேக்கறதில்லீங் அம்மிணி,
கம்பியில கை வெச்சா அது சொல்லும்.
மண்ணா, கல்லா, ஈரமான்னு.
அறநூறு அடியில தண்ணின்னா
கை முன்னாடியே குளுந்துரும்."
பிறகு வாயைத் திறந்தார்.

அதை எப்படிச் சொல்ல.
ரஷீதா நோட்டைக் கீழே வைத்துவிட்டாள்.
கீழே பருத்தி லோடு நிறுத்தியிருந்தவர்
தன் லாரியை எவனோ கிளப்புகிறான் என்று
ஓடிவந்து பார்த்தார்.
சரியான சுருதி என்று சொல்லமாட்டேன்,
அரைச் சுரம் கீழே.
நாங்கள்தான் அவருக்கு இறங்கிப் போனோம்.
அவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்.
ஒருத்தர் பாடினார்.
இன்னொருத்தர் டீ குடித்தார்,
எல்லாருடைய செருப்பையும் வரிசையாக விட்டுவிட்டுப் போனார்.
வந்துகொண்டுதான் இருக்கிறார்.

இப்போது அச்சகத்தில் நிற்கிறேன்.
"தேதி என்னங்க?" என்கிறார் ராக்கியப்பன்.
ஏஜென்டுக்கே தெரியாத சங்கதி அது.
ஆயுதபூசைக்குச் சந்தனம் வைத்த மறுநாளே
வண்டி கிளம்பினாலும் கிளம்பும்.
அதற்கு முன்னால் பாடியாக வேண்டும்,
மழைப்பாட்டோ இன்னும்
இரண்டாம் அடியில் தள்ளாடுகிறது.

"தேதிக்கு இடம் விட்டு அடிச்சுருங்க,
பேனாவுல எழுதிக்கறோம்."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.
"இப்படி ஒரு நோட்டீசு நான் அடிச்சதில்லீங்களே"
என்றார். குரல் கரகரவென்று
மிஷினுக்கு அடியிலிருந்து வந்தது.

"எப்பவுமே உங்க குரல் இப்படித்தானுங்களா?"

"சளிங்க. ஒரு வாரமாச்சு."

செவ்வாய் எட்டு மணி என்றேன்.
மருந்து எதுவும் சாப்பிட வேண்டாம் என்றேன்.